பழுதில்லாத சமையலறை

கருவி சொல்வதை அப்படியே நம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. உடுமலைப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் ஓய்வு பெறும் வரை பால் சோதித்தவள் நான். லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டிவிடும். ஆனால் முதலில் ஆடையை எடுத்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் தண்ணீரையும் ஊற்றினால், அதே கருவி நல்ல பால் என்று சத்தியம் செய்யும். இரண்டு தப்பைச் சேர்த்து ஒரு சரியாகக் காட்டுகிற சாமானை வைத்துத்தான் நான் குப்பை கொட்டினேன்.

அதனால் அரசாங்கம் எங்கள் வீட்டுச் சுவரில் பெட்டி மாட்ட வந்தபோது எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் வரவில்லை. டிபன் பாக்ஸ் அளவு, நடுவில் ஒரு கண், கீழே பேசுவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். எங்களைப் போன்ற வீடுகளுக்கெல்லாம் வருகிறது என்றார்கள். எங்களைப் போன்ற வீடு என்றால், தனியாக இருக்க முடியாத ஒருவரை விடுதியில் போட்டு அடைக்காமல், தங்கள் குடும்பத்தோடு குடும்பமாக வைத்துக்கொள்ளும் வீடு. எங்களோடு இருப்பவன் மாதேசு. முழுப் பெயர் மாதேஸ்வரன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆள் வாட்டசாட்டம். மூளைக்கு ஏழு வயது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. ஏழு வயதுப் பிள்ளை எதுவும் ஈரத்துண்டைப் பிழிந்து உதறி, ஓரம் பார்த்துக் காயப்போட்டு நான் கண்டதில்லை.

எங்கள் மகன் வேலைக்கென்று வடக்கே போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு அவன் அறைக்கு மாதேசு வந்தான். வந்த புதிதில் குளியலறையில் சோப்பு இருக்காது. தேடினால் அவன் சட்டைப் பையில் இருக்கும். படுக்கும்போதும் பையில்தான். அவன் வளர்ந்த விடுதியில் வெளியே வைத்த சோப்பு அடுத்த நிமிடம் காணாமல் போய்விடுமாம். அவன் சட்டையெல்லாம் நுரை தள்ளும். நான் திட்டவில்லை. ஒரு வருடம் கழித்து ஒருநாள் குளிக்கப் போனால், சோப்பு டப்பாவில் சோப்பு இருந்தது. அன்றைக்குத்தான் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

என் கணவர் நந்தகுமார் நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே அவர் கைதட்டினால் நாற்பது பேர் ஓடி வருவார்கள். மில்லை மூடினார்கள், கைதட்டல் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவார், மாதேசு ஓடிப்போய் நிற்பான். மாமா என்றால் அவனுக்கு உயிர். நான் அக்கா.

பெட்டியை மாட்ட வந்தது நறுமுகை. சமூகநலத்துறையின் வட்டார ஆய்வாளர், சின்னப் பெண். என் மருமகள் இப்படி வாய்த்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைக்கிற முகம்.

"யாரு என்னன்னு பேரு எழுதிக் குடுக்க வேண்டாமா அம்மிணி?" என்று கேட்டேன்.

"வேண்டாங்கம்மா. எழுதச் சொன்னா ஆளாளுக்கு மாத்தி எழுதிடறாங்க. போன தடவ ஒரு ஊட்டுல கறவை மாட்டைக் கணக்குல காட்டிட்டாங்க. அதனால இந்தப் பொட்டி எதையும் கேக்காதுங்க. ஒரு வாரம் சும்மா பாக்கும். யாரு உக்கார்றாங்க, யாரு சாப்புடறாங்க, யாருக்கு யாரு எடுத்துக் குடுக்கறாங்க. அத வெச்சு, இவங்க பராமரிக்கறவங்க, இவங்க பராமரிக்கப்படறவங்கன்னு அதுவே தெரிஞ்சுக்கும். பேரு, வயசெல்லாம் தான் பாத்த ஆளுக்கு மட்டும் சர்க்கார் பதிவுல தேடி எடுத்துக்கும்."

"அடுப்படியிலயும் எட்டிப் பாக்குமா?"

"இல்லீங்க. அடுப்படி, பாத்ரூம், படுக்கற ரூம் மூணுலயும் கண்ணு வெக்கக் கூடாதுன்னு சட்டம். கூடத்துல மட்டுந்தான்."

"பாத்துட்டுப் போகட்டும்," என்றார் என் கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "நம்ம ஊட்டுல என்ன ஒளிவு மறைவு? டேய் மாதேசு, அம்மிணிக்குத் தண்ணி கொண்டா."

அந்த ஒரு வாரம் எங்கள் வீடு எப்போதும் போல நடந்தது. காலையில் அவர் கைதட்டினார். நான் அடுப்படியிலிருந்து காபியை நீட்டினேன், மாதேசு கொண்டுபோய்க் கையில் கொடுத்தான். கண்ணாடி எங்கே என்றார். மாதேசு அவர் நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினான். குளிக்கப் போகத் துண்டு, குளித்து வரப் பனியன், வெளியே போக வலது செருப்பு முதலில், இடது அப்புறம். மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் வைப்பதும் அவன்தான். சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கை கழுவிக்கொண்டு அவர் எழுந்து போவார், மாதேசு தட்டை எடுப்பான். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவருடைய அப்பா அப்படி, அவர் அப்பாவின் அப்பா அப்படி. மாதேசுவுக்கோ, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

வாரம் முடிந்த மறுநாள் காலை பெட்டி தொண்டையைச் செருமியது. செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல்.

"வணக்கம், மாதேஸ்வரன் அவர்களே. தங்கள் பராமரிப்பில் உள்ள திரு. நந்தகுமார் பற்றிய முதல் அறிக்கை தயாராக உள்ளது."

மாதேசு எழுந்து கைகூப்பினான். என் கணவர் பேப்பரை இறக்கினார்.

"திரு. நந்தகுமார் தாமாகத் தண்ணீர் எடுத்துப் பருகும் திறன் அற்றவர். தம் மூக்குக் கண்ணாடி இருக்கும் இடத்தை அறியார். பெரும்பாலும் அது அவர் நெற்றியிலேயே இருக்கிறது. உண்ட தட்டு பிறகு என்னவாகிறது என்பது பற்றி அவருக்குத் தெளிவு இல்லை. தேவைகளைக் கைதட்டல் மூலம் வெளிப்படுத்துகிறார். காரணமின்றிக் கோபம் வருகிறது. பராமரிப்பாளர் மாதேஸ்வரனின் பொறுமை பாராட்டுக்குரியது. வீட்டு வசதிகள்: வெளிச்சம், நன்று. மின்விசிறி, நன்று. சமையலறை, மிக நன்று, பழுதில்லை."

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?" என்று கத்தினார்.

"சமையலறை மிக நன்றாமுங்க."

"காரணமின்றிக் கோபம், ஒரு முறை கூடுதல்," என்றது பெட்டி.

நறுமுகைக்குப் போன் பறந்தது. சாயங்காலம் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். அப்புறம் அவள் முகம் மாறிவிட்டது.

"இதத் திருத்த ஒரு நிமிசம் ஆகாதுங்கய்யா. ஆனாத் திருத்துனா உங்க பேரு பராமரிக்கறவர்னு வரும். போன வாரந்தான் புது உத்தரவு போட்டிருக்கறாங்க. அறுவது தாண்டுனவங்க பராமரிக்கறவங்களா இருக்கக் கூடாதாம். பாதுகாப்புக்குன்னு சொல்றாங்க. உங்களுக்கு அறுவத்தாறு. திருத்துன அன்னிக்கே மாதேசண்ணனை மையத்துக்கு அனுப்பச் சொல்லிப் பொட்டியே ஓலை அனுப்பீரும்."

"அப்ப இவ பேரைப் போட்டுக்க."

"எனக்கு அறுவத்தொண்ணுங்க," என்றேன்.

"எந்த மையம்?" என்று அவர் கேட்டார்.

"கடலோரத்துல புதுசாக் கட்டியிருக்கறாங்க. நானூறு கட்டில். தரத்துக்கு முதல் பரிசு வாங்குன மையமுங்க. செவரெல்லாம் பளபளன்னு இருக்கும்."

"நீ போய்ப் பாத்தியா அம்மிணி?" என்று நான் கேட்டேன்.

"பாத்தேனுங்கம்மா. அதனாலதான் திருத்தாம நின்னுட்டிருக்கறேன்."

என் கணவர் அசையவில்லை. நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவனைத் தண்ணீர் குடிக்கத் தெரியாதவன் என்று அரசாங்கப் பதிவில் விடுவதா? ஊரில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது? நாளைக்குள் திருத்தியாக வேண்டும், மையத்தைப் பற்றி மேலிடத்தில் மனுப்போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார். மாதேசு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கட்டில் என்ற சொல்லுக்கு மட்டும் அவன் தலை ஒரு தரம் நிமிர்ந்தது.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. "சோப்பு எங்கடா?"

அவர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். மாதேசு கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பை புடைத்திருந்தது. அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

அவர் அந்தப் பையைப் பார்த்தார். அப்புறம் கூடத்துக்குப் போய், துண்டோடு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, "டேய் மாதேசு, இங்க வா. நான் என்ன செய்யோணும்னு அதக் கேளு," என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசை வந்தது கிடையாது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் காபி கேட்பார்.

பெட்டி ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருந்தது. முதல் பாடம், தானே தண்ணீர் எடுத்துக் குடிப்பது. மாதேசு அவரைக் கையைப் பிடித்துக் கூடத்து மூலையில் இருந்த குடத்தடிக்குக் கூட்டிப் போனான்.

"மாமா, சொம்பைச் சாச்சுப் புடிங்க. மெதுவா. சிந்தாம. சிந்துனாப் பரவால்ல. மறுக்கா ஊத்துங்க."

அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவும் அவன் வந்த புதிதில் நான் அவனுக்குச் சொன்ன சொற்கள். ஒன்றுகூட விடாமல் பத்திரமாக வைத்திருந்து இவருக்குக் கொடுத்தான்.

அவர் டம்ளரை வாயில் வைத்ததும் பெட்டி கெட்டிமேளம் வாசித்தது. நிஜமாகவே நாதசுரம், தவில், எல்லாம். பக்கத்து வீட்டு சுலோசனா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஊட்டுல ஏதாச்சும் விசேசமா?"

"ஒண்ணுமில்ல. இவரு தண்ணி குடிச்சாரு."

அவருக்கு முதலில் பிடுங்கித் தின்கிற வெட்கம். அப்புறம், மனுசன்தானே, மேளச் சத்தம் பிடித்துப் போய்விட்டது. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்தால் மேளம். கண்ணாடியை ஒரே இடத்தில் வைத்து ஒரே இடத்தில் எடுத்தால் மேளம். மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டால் மேளமும் கூடவே, "மிகச் சிறப்பு, திரு. நந்தகுமார்" என்ற குரலும். மில்லில் இத்தனை வருடத்தில் ஒரு முதலாளியும் அவரை அப்படிச் சொன்னதில்லை. பாத்திரம் துலக்கப் பழகியபோது, அடுப்படியில் கண் இல்லாததால் மேளம் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் வாளித் தண்ணீரையும் பாத்திரங்களையும் கூடத்துக்கே கொண்டுவந்து, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து துலக்கினார். நான் தரையைத் துடைத்தேன்.

மாதேசு மாதிரி ஒரு வாத்தியார் யாருக்கும் கிடைக்க மாட்டான். அவனுக்குச் சலிப்பு என்பதே தெரியாது. அவர் காபிக்குப் பாலைப் பொங்கவிட்டால் "பரவால்ல, மறுக்கா" என்பான். ரசத்தில் புளியைக் கொட்டினால் "பரவால்ல, மறுக்கா". கைதட்டினால் மட்டும் தலையை ஆட்டி, "கை வேண்டாமுங்க மாமா, வாய்ல சொல்லுங்க" என்பான். கை தட்டுவது நின்றது. சோப்பு டப்பாவுக்குத் திரும்பியது. தை பிறப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை தானாக எழுந்து காபி போட்டு, எனக்கும் ஒரு டம்ளரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை நின்றபடியே குடித்தேன். உட்கார்ந்து குடித்துப் பழக்கம் இல்லை.

நாங்கள் எல்லாம் மறந்துபோய்ச் சந்தோஷமாக இருந்த நேரத்தில் ஒருநாள் பெட்டி வழக்கத்தைவிட நீளமாக மேளம் வாசித்தது.

"வாழ்த்துகள். திரு. நந்தகுமார் முழுத் தற்சார்பு பெற்றுவிட்டார். இனி அவருக்குப் பராமரிப்புத் தேவையில்லை."

மாதேசு குதித்துக் குதித்துக் கைதட்டினான். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆகவே இவ்வில்லத்தின் பதிவு முடித்துவைக்கப்படுகிறது. பராமரிப்பாளர் மாதேஸ்வரன், அவரது சிறந்த திறமையைக் கருதி, கடலோர மையத்துக்குப் பணியாளராக மாற்றப்படுகிறார். ஆய்வாளர் வியாழக்கிழமை வருவார்."

கைதட்டல் நின்றது. மாதேசு நேரே குளியலறைக்குப் போனான். அவன் திரும்பி வரும்போது சட்டைப் பை ஈரமாக இருந்தது.

"ஏனுங்க, ஒண்ணும் கஷ்டமில்ல," என்று நான் அவரிடம் சொன்னேன். "வியாழக்கிழமை ஒரு மணி நேரம் நீங்க பழையபடி இருந்தாப் போதும்."

"பழையபடின்னா எப்படி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி."

"அப்படியா இருந்தேன்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான்தான் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். தண்ணி வேண்டுமென்றால் கைதட்டுங்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுங்கள். தட்டைப் பார்க்காதீர்கள். முன்பு யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்ததையெல்லாம் இப்போது பரீட்சைக்குப் படிப்பது போல உருப்போட்டார்.

வியாழக்கிழமை நறுமுகை வந்து உட்கார்ந்தாள். வெயிலில் வந்த களைப்பு. நெற்றியைத் துடைத்தாள். அவ்வளவுதான், அவர் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிவிட்டார். கெட்டிமேளம் முழங்கியது. நான் அடுப்படியில் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"ஐயா, உங்க கண்ணாடி எங்கீங்க?" என்று அவள் வேண்டுமென்றே அடி எடுத்துக் கொடுத்தாள். பாவி மனுசன் யோசிப்பதற்குள் கை சட்டைப் பைக்குப் போய் அதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு, நெற்றியில் வைத்துக்கொண்டு, "கண்ணாடி எங்கடா மாதேசு?" என்று கேட்டார்.

"உங்க நெத்தியிலதானுங்க மாமா. நீங்கதான் இப்ப வெச்சீங்க," என்றான் மாதேசு. அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதோடு விடாமல் நறுமுகையிடம் திரும்பினான். "மாமாக்கு எல்லாந் தெரியுங்க. காப்பி தெரியும். ரசந் தெரியும். நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மாமா, அம்மிணிக்குக் காப்பி போட்டுக் காட்டுங்க."

தன் பிள்ளை பாட்டுப் பாடுவதைப் பார்க்கச் சொல்லுகிற தகப்பன் மாதிரி அவன் முகம் மலர்ந்திருந்தது. தான் சொல்லச் சொல்லத் தன் வீடு போய்க்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் கொஞ்சம் நிறுத்தி, பையைத் தொட்டுக்கொண்டு கேட்டான்.

"அம்மிணி, அங்க போனா சோப்பை எங்க வெக்கறது?"

என் கணவர் காபி போடப் போகிறவர் போல எழுந்து, பாதியில் நின்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் அவர் அழுது பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதுகூட.

"நான் ஒண்ணுந் தெரியாதவனாவே இருந்திருக்கலாம்," என்றார்.

நறுமுகை பெட்டியின் பதிவைத் தன் கைக்கருவியில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். "இந்த ஊட்டுல யாராச்சும் ஒருத்தர் பராமரிக்கப்படறவங்களா இருந்தாத்தானுங்க பதிவு நிக்கும். அண்ணன் பேரைப் போட்டா மொதல்ல இருந்து அதே வயசுச் சிக்கல். ஐயாவோ பாஸாயிட்டாரு. பொட்டி மொத்தம் ரெண்டு பேருதான்னு..." திடீரென்று நிமிர்ந்தாள். "ரெண்டு பேரா?"

"எண்ணத் தெரியாதா அதுக்கு?" என்றேன் நான், அடுப்படியிலிருந்து.

அவள் வாசித்துக்கொண்டே போனாள். முகம் சிரிப்பதற்குத் தயாராகி, பிறகு சிரிக்க முடியாமல் நின்றது.

"அம்மா... வசதிகள்னு ஒரு பக்கம் இருக்குதுங்க. சமையலறை மிக நன்று, பழுதில்லைன்னு அன்னிக்கு வாசிச்சுதல்ல? அது சுருக்கமுங்க. முழுசா இப்படிப் போட்டிருக்குது. தானியங்கிச் சமையலறை, நகரும் வகை. அவ்வப்போது வெளியே வந்து தரையைத் துடைக்கிறது. இயங்கும்போது முணுமுணுப்பு ஒலி எழுப்புகிறது. பழுதில்லை."

அது பொய் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உட்காருகிறவரை, சாப்பிடுகிறவரை, இன்னொருவர் கையிலிருந்து எதையாவது வாங்கிக்கொள்கிறவரைத்தான் அது ஆள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படித் தரையில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறவள் நான். எனக்கு யாரும் எடுத்துக் கொடுத்து அது பார்த்ததில்லை. எனக்குக் கோபம் பெட்டிமேல் வரவில்லை. வரவேண்டிய ஆள்மேல் வந்தது. அவர் என்னைப் பார்க்க முடியாமல் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு லாக்டோமீட்டர் ஞாபகம் வந்தது. ஒரு தப்பு ஏற்கெனவே பாலில் இருக்கிறது. இன்னும் ஒன்றை ஊற்றினால் அளவு சரியாக வந்துவிடும்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாற்காலி. பெட்டியின் கண் என் பக்கம் திரும்பியது.

"ஊட்டுக்குப் புது ஆளு வந்தா, பொட்டி மறுபடி ஒரு வாரம் பாத்துத்தான் முடிவு பண்ணோணும்னு விதி இருக்குதுங்கம்மா," என்றாள் நறுமுகை மெதுவாக.

"புது ஆளு எங்க இருக்குது?" என்றார் அவர்.

"அம்மாதானுங்க. பதிவுப்படி அவங்க இன்னும் இந்த ஊட்டுக்கு வரவே இல்லை." அவள் எழுந்து பெட்டியின் அடியில் எதையோ அமுக்கினாள். "யாரு யாருக்குச் செய்யறாங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும். இந்த ஒரு வாரம் நீங்க என்ன செய்யறீங்கன்னு பாக்க நான் வர மாட்டேன். ஊடு நல்லா இருக்குதான்னு பாக்கறதுதான் என்ர வேலை. அத நான் பாத்துட்டேன்."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு கையையும் உயர்த்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக, கைதட்டினேன்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் பால் பொங்கும் வாசனை வந்தபோது என் கால் தானாகத் தரையில் ஊன்றியது. மாதேசு ஓடிவந்து என் தோளை அமுக்கி உட்காரவைத்தான். அடுப்படியில் என்னவெல்லாமோ விழுந்தது, உடைந்தது. "பரவால்ல மாமா, மறுக்கா" என்ற குரல் வந்தது. சாம்பாரில் உப்பு இல்லை. மறுநாள் உப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு நாளில் என் கால் வீக்கம் வடிந்தது. எனக்குக் கால் வீங்கியிருந்தது என்பதே வடிந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று பேரும் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் சோப்பு மட்டும் மாதேசுவின் பையிலேயே இருந்தது. ராத்திரியில் அவன் புரளும்போது கட்டில் ஓரமெல்லாம் நுரை. எனக்கும் அதே பயம்தான். பால் சோதனையில் தப்பு நடந்தால் ஒரு கேன் பாலைக் கொட்டுவார்கள். இங்கே கொட்டப்போவது இவனை.

வாரம் முடிந்தது. காலையில் மூன்று பேரும் கூடத்தில் இருந்தோம். பெட்டி தொண்டையைச் செருமியது.

"வணக்கம். மறு ஆய்வு முடிந்தது. இவ்வில்லத்தின் முதன்மைப் பராமரிப்பாளர், திரு. மாதேஸ்வரன். வயது, தகுதி இரண்டும் பொருந்துகின்றன. அவருடைய உதவியாளர், திரு. நந்தகுமார். உதவியாளருக்கு வயது வரம்பு இல்லை. பராமரிக்கப்படுபவர், திருமதி சுபாஷினி. பதிவு தொடர்கிறது. மாதேஸ்வரன் இந்த இல்லத்திலேயே பணிபுரிவார்."

"நான் உதவியாளரா?" என்றார் அவர். ஆனால் சொல்லும்போதே சிரிப்பு வாய் கொள்ளவில்லை.

மாதேசுவுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் புரிந்தது. அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். டப்பா மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் சட்டைப் பை தட்டையாக இருந்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெட்டி இன்னும் முடிக்கவில்லை.

"ஒரு குறிப்பு. தானியங்கிச் சமையலறை பழுதடைந்துள்ளது. உணவின் தரம் குறைந்திருக்கிறது. ஆயினும் முணுமுணுப்பு ஒலி நின்றுவிட்டது." கொஞ்சம் நிறுத்தி, கண்ணை என் பக்கம் திருப்பியது. குரல் மென்மையாகிவிட்டது. "புதிதாக வந்திருக்கும் சுபாஷினி அவர்களே, தங்களுக்கு நல்வரவு. இந்த வீடு தங்களுக்குப் பிடித்திருக்கிறதா?"

கல்யாணமாகி இந்த வாசற்படியைத் தாண்டி வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாதேசு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றார். ஆய்வாளர் வந்தபோதுகூட அவர் முகத்தில் இத்தனை பயத்தை நான் பார்க்கவில்லை.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"இப்பத்தான வந்திருக்கறேன்," என்றேன். "சித்த நாள் இருந்து பாத்துட்டுச் சொல்றேன்."